பொறி வருதா?

வண்டிச் சாவி சமையலறை ஆணியில்தான் தொங்கியது. மேகலா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நடைக்கு வந்தாள். நடையில் நடு ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டியின் மீட்டரில் நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பெரிய வெளிச்சம் ஒன்றுமில்லை, பட்டாணி அளவுதான். லைட்டுப் போட்டிருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்காது. கம்பெனி வேனை விட்டு இறங்கி, மழைத் தண்ணீரை உதறி, கதவைத் தாழ்ப்பாள் போட்டு, இருட்டில் சுவிட்சைத் தடவுவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. சாவி போடாத வண்டியில் எந்த விளக்கும் எரியாது என்பது பின்சீட்டில் மட்டுமே உட்கார்ந்து பழகிய மேகலாவுக்கும் தெரியும். அவள் சுவிட்சைப் போடாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் பச்சைத் தோல் வாடை அடித்தது. ஆம்பூர்க்காரர்கள் மூக்குக்கு அந்த வாடை உறைக்காமல் போய் எத்தனையோ காலமாகிறது. அவளுக்கு அன்றைக்கு உறைத்தது.

அது அவள் புருஷன் இன்பராஜின் வண்டி. இன்பராஜ் தோல் பதனிடும் டேனரியில் டிரம் ஆள். ஆளைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நிற்கும் மரப் பீப்பாய்க்குத்தான் டிரம் என்று பேர். அதற்குள் தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டு மணிக்கணக்கில் சுழலவிடுவார்கள். அதைக் கழுவ அவன் உள்ளே இறங்கியிருந்தபோது, ஆள் இருப்பது தெரியாமல் எவனோ சுவிட்சைப் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்தது ஆணியடித்த பெட்டி. முகத்தையாவது காட்டுங்கள் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள். "வேணாங்க்கா, நீ பாக்காத" என்று அவள் தம்பி செந்தில்குமார் அவளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். பெட்டியைத் திறக்காமலே புதைத்தார்கள். வண்டி டேனரி ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடந்து, போன மாதம்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளை குட்டி இல்லை. ஆளில்லாத வீட்டில் பொழுதை ஓட்டுவது எப்படி என்று ஆளிருக்கிற வீட்டுக்காரர்கள் நிறைய யோசனை சொன்னார்கள். டீவி பார், சீட்டுச் சேர், நாய் வளர். சொல்கிறவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? பகலெல்லாம் ஷூ கம்பெனியில் நூற்றுக்கணக்கான பெண்களோடு மிஷின் மிதித்துவிட்டு வருவாள். கதவைத் திறந்ததும் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் ஒரு ஆள் துணி. வீடு பைபாஸுக்கு அந்தாண்டை, சந்தின் கடைசி. பக்கத்து வீட்டார் பெங்களூருக்குப் போய்ப் பூட்டு துருவேறிவிட்டது. இன்பராஜ் இருந்தவரை, சந்து முனையில் வண்டிச் சத்தம் கேட்டதும் இங்கே அடுப்பில் டீத்தண்ணி ஏறிவிடும். இப்போதும் அந்த நேரத்துக்கு அவள் காது தானாக வாசலுக்குப் போகும். போய்விட்டுச் சும்மா திரும்பி வரும்.

வாஹித் பாஷா டூவீலர் மெக்கானிக். இன்பராஜின் பள்ளிக்கூடத்துத் தோஸ்த். போனில் சேதி கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சாமான் பையோடு வந்துவிட்டார். விளக்கைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தார். சிரித்தார்.

"இதுக்கா தங்கச்சி போன்ல அப்டி நடுங்கின? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயிம்பாங்க. எங்கியோ கரண்ட்டு லீக் ஆவுது, அவ்ளோதான். எல்.இ.டி. பல்பு வேற போட்டு வச்சிருக்கான். கம்மி கரண்ட்டுக்கே எரியும் அது."

ஹெட்லைட்டின் திருகுகளைக் கழற்றி, கண்ணாடியை வெளியே இழுத்துத் தொங்கவிட்டார். உள்ளே வயர்கள் குடல்போலச் சுருண்டு கிடந்தன. சாவி சுவிட்சுக்குப் போகிற வயர்களின் ஜாயிண்ட்டில், டேப் இருக்க வேண்டிய இடத்தில், விரல் அகலத்துக்கு ஒரு தோல் பட்டை சுற்றியிருந்தது.

"பாத்தியா, டேனரிக்காரன் புத்திய! கொழாய்க்கு வாஷரும் தோலு, மேஜ ஆடுனா முட்டுக் குடுக்கவும் தோலு, வயருக்கு டேப்பும் தோலு. இதுல உப்பு இருக்கும், மருந்து இருக்கும். மழ வந்தா ஈரத்த இழுக்கும். ஈரமாச்சுன்னா இந்த வயர்லேர்ந்து அந்த வயருக்கு கரண்ட்டு நடந்து போய்டும். சாவியே தேவயில்ல."

மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆம்பூரில் இந்தப் பழக்கம் இல்லாத வீடு ஏது? அவள் வீட்டு ஜன்னல் ஆடாமல் இருப்பதும் ஒரு துண்டுத் தோலின் புண்ணியத்தில்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

வாஹித் பாஷா பட்டையைப் பிரித்தார். ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம் வந்தது. இன்னும் வந்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"இத எப்ப சுத்துனான்?"

"எனக்கின்னா தெரியும் பாய்?"

"இல்ல தங்கச்சி. அது நடந்த அன்னிக்கிக் காலையில நம்ம கடையிலேர்ந்துதான் வண்டிய எடுத்துக்கினு நேரா வேலைக்குப் போனான். இந்த ஜாயிண்ட்ட போட்டது நானு. டேப் சுத்துனது நானு. அப்புறம் வண்டி ஷெட்டுலதான நின்னுச்சு?"

அவர் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிறின நீலம். டிரம்மிலிருந்து இழுத்துப் போடும்போது எல்லாத் தோலும் அந்த நிறத்தில்தான் இருக்கும். சாயம் ஏறுவது அதற்கப்புறம். "ஆடா, மாடா பாரு" என்று அவளிடம் நீட்டினார். பதினைந்து வருஷமாகத் தோல் தைக்கிறவள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாலே ஆடு, மாடு, எருமை என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். அழுத்திப் பார்த்தாள். சொல்லத் தெரியவில்லை. ஆட்டுத் தோலைவிட மெல்லிசாக இருந்தது. ஈரமாக இருந்தது. அவள் விரலைவிடக் கொஞ்சம் சூடாகவும் இருந்தது.

"தூக்கிக் கடாசு இத" என்றார் வாஹித் பாஷா. புது டேப்பைச் சுற்றினார், பச்சை விளக்கு அணைந்தது. டீ போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பி, "வண்டிய வித்துடலாம் தங்கச்சி. நான் ஆள் பாக்கறேன்" என்றார்.

அன்றைக்கு வீடு முன்னைவிடக் காலியாக இருந்தது. பட்டாணி அளவு விளக்கு அணைந்ததற்கு யாராவது அழுவார்களா? மேகலா அழுதாள். சாப்பிட்ட தட்டை மடியில் வைத்துக்கொண்டே அழுதாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிடத் தனிமை ஜாஸ்தி, அவ்வளவுதான். ஷெட்டில் நின்ற வண்டிக்கு யார் வந்து தோல் சுற்றியிருப்பார்கள் என்று கேட்டபோதெல்லாம் மனசு ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னது. அந்தப் பெயரைக் கேட்டதும் நெஞ்சு நிறைந்துபோனது. வேறு யாராகவாவது, வேறு எதுவாகவாவது இருக்கலாம் என்று அந்தப் பேதைக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வேலைக்குப் போகுமுன் குப்பைக்கூடையிலிருந்து பட்டையை எடுத்தாள். வாஹித் பாஷா கழற்றிய திருகுகளையே கழற்றினாள், டேப்பைப் பிய்த்தாள், பட்டையை வைத்தாள். சுற்றுவதற்குச் சிரமமே இல்லை. அவள் விரல் வளைவதற்குள் அது வளைந்துகொண்டது. கடைசிச் சுற்று முடிவதற்குள் விளக்கு எரிந்தது.

அதற்கப்புறம் சாயங்காலங்கள் மாறிப்போயின. வேனை விட்டு இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக வருவாள். லைட்டுப் போடாமல் நடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். சூப்பர்வைசர் கங்காதரன் கத்தினது, ஊசி உடைந்தது, கேண்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தது. வெளியே மழை ஓட்டில் விழுந்து, ஓட்டிலிருந்து தகரத்தில் விழுந்து, தகரத்திலிருந்து சாக்கடைக்குள் இறங்கும் சத்தம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்கும். அதற்கு நடுவில் பச்சை வெளிச்சம் ஒரு முறை மங்கி, ஒரு முறை தெளியும். ஆமாம் என்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். பச்சைத் தோல் வாடையும், தோலில் மயிர் உதிர்க்க டேனரியில் போடும் சுண்ணாம்பின் வாடையும் நாளுக்கு நாள் கூடின. வேலை முடித்து வந்தவன் மேல் அடிக்கிற வாடைதானே, அதிலென்ன.

காலையில் எழுந்து பார்த்தால் சீட்டு நனைந்திருக்கும். ஓடு ஒழுகவில்லை என்பதை அவள் பார்த்து வைத்திருந்தாள். ஒரு நாள் வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியிருந்தது, யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல நிமிர்ந்தது. மேகலா அன்றைக்கு வேலைக்குத் தலை சீவிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போனாள்.

"வண்டிக்கு ஆள் கெடச்சிட்டான் தங்கச்சி" என்று வாஹித் பாஷாவிடமிருந்து போன் வந்தது ஒரு புதன்கிழமை. "துரைசாமின்னு, குடியாத்தத்துல லுங்கி ஏவாரம். நாளைக்கிக் காலையில கூட்டிக்கினு வர்றேன்."

அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. என்ன காரணம் சொல்வாள்? அன்றைக்குச் சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. அவள் வீட்டுக்குள் நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. நடையில் பச்சைப் புள்ளி மட்டும் காத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு இதுவும் இருக்காது. ஒரே ஒரு தடவை, வண்டி போவதற்குள் ஒரே ஒரு தடவை, அந்த இன்ஜின் சத்தத்தை இந்த வீட்டுக்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் அவன் வந்துவிட்டான் என்று அர்த்தம். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் அர்த்தம்.

சாவியைப் போட்டாள். கிக்கரை மிதித்தாள். மிதித்து மிதித்துக் கால் சோர்ந்ததுதான் மிச்சம். வண்டி இருமக்கூட இல்லை.

வாஹித் பாஷாவுக்குப் போன் போட்டாள்.

"பாய், வண்டி ஸ்டார்ட் ஆவல. நாளைக்கி ஆளு வந்து நிக்கும்போது ஸ்டார்ட் ஆவலன்னா அசிங்கமாப் பூடும்."

"அடப் பேஜாரே. நேர்ல வந்துடுவேன், சப்வேல இடுப்பளவு தண்ணி நிக்குது. சரி, நான் சொல்றத செய். அந்தத் தோல கடாசிட்ட இல்ல?"

"அன்னிக்கே கடாசிட்டேன் பாய்."

"பெட்ரோல் இருக்குதா? ஆட்டிப் பாரு."

"இருக்குது."

"அப்போ பொறி வருதான்னு பாக்கணும். சீட்டுக்கடியில பிளக் ஸ்பேனர் இருக்கும். பிளக்க கழட்டு."

போன் டார்ச்சு வெளிச்சத்தில் தேடி எடுத்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தரையில் வைத்தாள். பிளக் தலையிலிருந்த ரப்பர் மூடியை இழுத்தாள். ஸ்பேனரை மாட்டித் திருகினாள். பிளக் கழன்று வந்த ஓட்டையிலிருந்து பெட்ரோல் வாடை வரவில்லை. சுண்ணாம்பு வாடை வந்தது.

"கழட்டியாச்சு பாய்."

"பிளக்க மறுபடி அந்த ரப்பர் மூடியில சொருகு. சொருகி, இன்ஜின் மேலயே ஒட்டுனாப்ல வச்சிடு. இரும்பு இரும்புல படணும், உஷாரு. கீழ குந்திக்கினு கையாலயே கிக்கர அமுக்கு. பிளக் இல்லாததால லேசா எறங்கும். பிளக் முனையில நீலமா ஒரு பொறி வரணும்."

"சரி."

"டார்ச்ச அணைச்சிடு. கரண்ட்டு போனதும் நல்லதுதான். இருட்டுலதான் பொறி தெரியும்."

அணைத்தாள்.

இருட்டு கண்ணுக்குள் வந்து அப்பிக்கொண்டது. சுவர் போனது, கதவு போனது, தன் கைகூட எங்கிருக்கிறது என்று தெரியவில்லை. மீட்டரில் பச்சைப் புள்ளி மட்டும் உயரத்தில் தனியாக நின்றது. வண்டியின் வலதுபக்கம் தரையில் குந்தியிருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவில் தன் மூச்சுச் சத்தம் கேட்டது. கிக்கரைத் தடவிப் பிடித்து அமுக்கினாள்.

பிளக் ஓட்டை புஸ்ஸென்று மூச்சு விட்டது. பொறி இல்லை.

"வருதா?"

"இல்ல பாய்."

"வேகமா அமுக்கு."

அமுக்கினாள். படக். நீலமாக ஒரு பொறி. கண் சிமிட்டும் நேரத்துக்கு இன்ஜினும் சக்கரமும் ஈரத்தரையும் தெரிந்து மறைந்தன.

"வந்துச்சு பாய்!"

"சபாஷ். ஒரு தடவ வந்தாப் பத்தாது. விடாம வரணும். அடி."

அமுக்கினாள். படக். இன்ஜினுக்குக் கீழே, வண்டிக்கு அந்தப் பக்கம், கால் விரல்கள் தெரிந்தன.

கை அப்படியே நின்றது. அந்தப் பக்கம் சுவர். வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடம். துடைப்பம் வைக்கத்தான் காணும். ஆள் நிற்க முடியாது.

இன்னொரு தடவை அமுக்கினால் தெரிந்துவிடும். அமுக்கினாள். பொறி. தரை மட்டும்தான் இருந்தது. விரல்கள் இருந்த இடத்தில் ஈரம். வாடை இப்போது அவளுக்கு முன்னால் இல்லை. பக்கத்தில் இருந்தது.

போனை எடுத்து டார்ச்சைப் போடலாம். கை நீட்டினால் எட்டும். அவள் எடுக்கவில்லை. வெளிச்சம் போட்டால் போய்விடுவானோ என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் அவளுக்கு வேறு இல்லை.

"நீங்களா?" என்று கேட்டாள்.

பச்சை விளக்கு மங்கியது. தெளிந்தது.

அவள் கிக்கரை விட்டுக் கையை எடுத்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

கிக்கர் இறங்கியது.

பொறி.

மேலே ஏறியது. மறுபடி இறங்கியது. பொறி. ஏறியது. இறங்கியது. பிளக் ஓட்டை புஸ், புஸ் என்றது.

"கேக்குது தங்கச்சி" என்றது தரையில் கிடந்த போன். "அப்டித்தான். நல்லா அடிக்கிற. விடாத."

பொறி. கிக்கரின் மேல் ஒரு கால். வெறுங்கால். இருட்டு. பொறி. வெளிறின நீலம். மயிர் இல்லை. நகம் இல்லை. இருட்டு. பொறி. கணுக்காலுக்கு மேல் உயர்ந்துகொண்டே போகிறது. இருட்டு.

அவன் கால்தான். விரல்களின் வரிசையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று வீங்கி வந்த அந்தக் காலை எத்தனை சாயங்காலம் பிடித்துவிட்டிருக்கிறாள். எவ்வளவு தூரம் நடந்து வந்திருப்பான்? பிடித்துவிடத்தான் கையை நீட்டினாள். பாதத்தின் மேல் கையை வைத்து, எப்போதும்போலக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

விரல் அமுங்கியது. உள்ளே போய்க்கொண்டே இருந்தது. எலும்பு இல்லை. சதை இல்லை. மேல் தோல் போய் அடித் தோலில் ஒட்டியது. நடுவில் ஒன்றுமே இல்லை.

கிக்கர் மறுபடி இறங்கியது.

அவள் கையை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். முதுகில் சுவர். கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"பொறி வருதா தங்கச்சி?" என்றார் வாஹித் பாஷா. "தங்கச்சி?"

கிக்கர் நின்றுவிட்டது. கால் அதன் மேல் இல்லை. ஆனால் பொறி வந்துகொண்டே இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல். அந்த நீல வெளிச்சத்தில் அது அவள் பக்கமாகக் குனிந்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு துளை. கன்னங்கள் உள்பக்கமாக ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வாய் மட்டும் திறந்து, அவள் பெயரைச் சொல்வதற்காக, மெல்ல மெல்லக் காற்றை உள்ளே இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தது.